வண்டி நிக்குது, சொல்லு

எங்கள் வீட்டு டெலிபோனில் அப்போதெல்லாம் ஒரு காற்று வரும். ஓடுகிற வேனின் ஜன்னல் வழியாக உள்ளே புகுந்து, அப்பாவின் செல்போனில் மோதி, அங்கிருந்து எப்படியோ கோவில்பட்டி வரை வந்து ரிசீவருக்குள் இரைகிற காற்று. அதற்கு நடுவில் அப்பாவின் குரல் கேட்கும். வீட்டிலிருந்து எப்போது கூப்பிட்டாலும் அவர் முதலில் சொல்வது இதைத்தான்: "வண்டி நிக்குது, சொல்லு." சொல்லி முடிப்பதற்குள் பின்னால் கியர் மாறும். சில நேரம் எதிரே வரும் பஸ்ஸின் ஹாரன் அவருடைய "சொல்லு" மேலேயே ஏறிக்கொண்டு போகும். நிற்கிற வண்டிக்கு எதற்கு இத்தனை கியர் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. நான் அப்போது மேல்நிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ரிசீவரைப் பிடித்திருக்கும் அம்மாவின் விரல்கள் வெளுத்துப்போவதை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் லைன் வண்டி ஓட்டினார். காலையில் சரக்கை ஏற்றிக்கொண்டு ஒரு திசையில் கிளம்ப வேண்டும். வழியில் உள்ள ஊர்களின் பெட்டிக்கடை, பலசரக்குக்கடை எல்லாவற்றிலும் நிறுத்தி, காலி ஜாடியை எடுத்துக்கொண்டு நிறைந்த ஜாடியை வைத்துவிட்டு, சாயங்காலம் ஊர் திரும்ப வேண்டும். டிரைவரும் அவரே, விற்கிறவரும் அவரே. கிழமைக்கு ஒரு லைன். எட்டயபுரம் லைன், விளாத்திகுளம் லைன், புதியம்புத்தூர் லைன், கடம்பூர் லைன் என்று போகும். எங்கள் வீட்டில் கிழமைகளுக்கே அந்தப் பெயர்தான் புழங்கியது. "கடம்பூர் லைன் அன்னைக்கு மாவாட்டிக்கிடலாம்" என்று அம்மா சொன்னால் அது புதன்கிழமை என்று எங்களுக்குத் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷத்தில் முதலாளி அப்பாவுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன்பு, காலையில் கிளம்பின மனிதர் சாயங்காலம் வந்தால்தான் உண்டு. நடுவில் அவர் எங்கே இருப்பார் என்று நாங்கள் யோசித்ததே கிடையாது. யோசித்து என்ன செய்ய? போன் வந்த பிறகு ஊரில் உள்ள எல்லோருக்கும் அப்பாவிடம் உடனே சொல்ல ஏதாவது ஒன்று இருந்தது. முதலாளிக்கு, எந்த ஊரில் எந்தக் கடையில் எள்ளுருண்டை தீர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். கடைக்காரர்களுக்கு, "அண்ணாச்சி, எங்கன வாரிய?" என்று கேட்க வேண்டும். ஒருமுறை ஒரு கடைக்காரர் கூப்பிட்டு அப்பா எடுக்காமல் போனதில், வேறு கம்பெனி வண்டி வந்து அந்தக் கடையில் ஜாடி வைக்கும் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டது. முதலாளி திட்டவில்லை. "போன் எதுக்குக் குடுத்திருக்கு?" என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு முதல் மணியிலேயே எடுத்துவிடுவது அப்பாவின் வழக்கமாகிவிட்டது. இடது தோளைத் தூக்கித் தலையைச் சாய்த்து, நடுவில் போனை இடுக்கிக்கொள்வார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருக்கிறது என்பது அவருடைய வாதம்.

அம்மாவுக்கும் ஆரம்பத்தில் அந்தப் போன் மேல் பெருமைதான். பயம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டயபுரத்தில் ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. முதலாளியிடம் கேட்டு வேனிலேயே போனோம். முன்சீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான். நல்ல வெயில் காலம். இரண்டு பக்கமும் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ரோட்டில் எங்கள் வண்டியைத் தவிர ஒரு ஆள், அவ்வளவுதான். சைக்கிளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டித் தண்ணீர் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். வெகு தூரத்திலேயே அவர் எங்கள் கண்ணில் பட்டுவிட்டார். அப்போது போன் அடித்தது. அப்பா தலையைச் சாய்த்தார். விளாத்திகுளத்துக் கடைக்காரர் ஏதோ கணக்குக் கேட்டார். அப்பா பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினார். சைக்கிள் பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்பாவின் கண்கள் நேராக ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அதனால் அவர் ஒதுக்கிவிடுவார் என்று நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் கத்தியபோது மிகவும் நேரமாகிவிட்டது.

பிரேக் பிடித்த வேகத்தில் என் தாடை முன்னால் இடித்தது. வேன் அந்த ஆளைத் தொடவில்லை. சைக்கிளின் பின்பக்கக் குடத்தை மட்டும் தட்டியது. அவர் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், குடங்கள் நாலா பக்கமும் உருண்டன. கொட்டிய தண்ணீர் நாங்கள் இறங்கி ஓடுவதற்குள் வெடிப்புகளுக்குள் போய்விட்டது. வேனுக்குள் கீழே விழுந்து கிடந்த போனிலிருந்து கடைக்காரர் "அலோ, அலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சைக்கிள்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். ஒவ்வொரு குடமாக எடுத்து வெடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். கடைசியில் அந்த மனிதர் நிமிர்ந்து, கோபமே இல்லாத குரலில் கேட்டார்: "அண்ணாச்சி, பேசி முடிச்சாச்சா?"

அவர் நாலு வசவு வைதிருந்தால் அப்பா தேறியிருப்பார். அந்தக் கேள்வி அவரை என்னவோ செய்துவிட்டது. அவர் தண்ணீர் எடுத்த கிணற்றடிக்கே மறுபடி போய்த் தண்ணீர் பிடித்து, குடங்களை வேனிலேயே ஏற்றி அந்த ஆளின் வீடு வரை கொண்டுபோய் இறக்கினோம். வளைகாப்புக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடியப்போகும் நேரம். திரும்பி வரும்போது அப்பா சொன்னார்: "நான் என்ன கண்ண மூடிக்கிட்டா பேசுனேன்? ரோட்டப் பாத்துக்கிட்டுதான இருந்தேன்." அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்: "கண்ணு ரோட்டுலதான் இருந்துச்சு. நீங்கதான் அங்கன இல்ல." அன்று சாயங்காலம் அப்பா சாமி படத்துக்கு முன்னால் நின்று, இனி வண்டியை ஓரங்கட்டித்தான் போன் பேசுவேன் என்று தானாகவே சொன்னார். அம்மா திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசிவிட்டாள்.

அந்த வாக்கை அவர் ஒரு வாரமோ பத்து நாளோ காப்பாற்றினார் என்று நினைக்கிறேன். அதன்பிறகு பழைய பழக்கம் வந்துவிட்டது. கூடவே அந்த வாக்கியமும் வந்துவிட்டது. "வண்டி நிக்குது, சொல்லு." அது அம்மாவுக்காகவே செய்யப்பட்ட பொய். முதலாளியிடமோ கடைக்காரர்களிடமோ அவர் அப்படிச் சொன்னதில்லை. எங்கள் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பொய் வந்த பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி என்பது சுத்தமாகப் போய்விட்டது. உண்மையிலேயே நிற்கும்போதும் அவர் அதையேதான் சொன்னார். எதை நம்புவது?

அம்மா காதால் கண்டுபிடிக்கப் பழகினாள். என்னையும் பழக்கினாள். ரிசீவரை எங்கள் இரண்டு பேர் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொள்வாள். ஹாரனை நம்பக் கூடாது, அது வேறு வண்டியாக இருக்கலாம். அப்பாவின் குரல் நடுவில் ஒரு குலுங்கு குலுங்கினால் பள்ளத்தில் இறங்கியிருக்கிறார் என்று அர்த்தம். எல்லாவற்றையும்விட நிச்சயமானது ஜாடிச் சத்தம். வேனின் பின்னால் அடுக்கியிருக்கும் காலி ஜாடிகள் வண்டி ஓடினால் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று பேசிக்கொண்டே வரும், நின்றால் ஓய்ந்துவிடும். அம்மா "சாப்பிட்டாச்சா" என்று கேட்டுக்கொண்டே என்னைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டினால் ஓடுகிறது என்று அர்த்தம். உடனே பட்டென்று போனை வைத்துவிடுவாள். வைத்தால் சும்மா இருப்பாரா மனிதர்? என்னமோ ஏதோ என்று அவரே திருப்பிக் கூப்பிடுவார். ஓட்டிக்கொண்டேதான் கூப்பிடுவார். ஒரு ஆபத்தை நிறுத்தப்போய் இன்னொன்றை ஏற்படுத்திவிட்டோமே என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். மணி அடித்துக்கொண்டிருக்கும். எடுத்தாலும் தப்பு, எடுக்காவிட்டாலும் தப்பு.

ஆடி மாதம் வந்தால் இன்னும் மோசம். கயத்தாறுப் பக்கமிருந்து வீசும் காற்று எங்கள் தெருவில் காயப்போட்ட துணியையே கொண்டுபோய்விடும். திறந்த காட்டில் கேட்கவே வேண்டாம். நிற்கிற வண்டியும் ஓடுகிற வண்டி மாதிரியே இரையும். அந்த மாதம் முழுக்க அம்மாவுக்குச் சரியான தூக்கம் இருக்காது. கொஞ்ச நாள் அப்பாவைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, அவர் போகப்போகிற கடைகளுக்குக் கூப்பிட்டு, "அவிய வந்தா வீட்டுக்குப் பேசச் சொல்லுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு கடையிலும் அப்பா இறங்குமுன்பே, "அண்ணாச்சி, மேலிடத்துல இருந்து உத்தரவு வந்திருக்கு" என்று கேலி பேச ஆரம்பித்தார்கள். ஒரு சாயங்காலம் அப்பா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், இனி எந்தக் கடைக்காவது போன் போட்டால் நடக்கிறது வேறு என்று சொல்லிவிட்டார். அந்த வழியும் அடைபட்டது.

அம்மாவிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. வண்டி ஓட்டுகிறவர்களிடம் எதையும் வாங்கி வரச் சொல்ல மாட்டாள். நான் நோட்டு வேண்டும், பேனா வேண்டும் என்று அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தால் கண்ணால் அதட்டுவாள். "வாங்கணுமேங்கிற நெனப்பு அங்கன ஓடும், வண்டி இங்கன ஓடும்" என்பாள். தனக்கென்று அவள் கேட்டதே கிடையாது. ஒரு முழம் பூகூட அவளே போய்த்தான் வாங்குவாள். வாரா வாரம் கடம்பூர் வழியாகத்தான் அப்பா திரும்புவார். கடம்பூர் போளியின் வாசனை எங்கள் எல்லோருக்கும் பிடிக்கும். அவராக நினைத்து வாங்கி வந்தால் சாப்பிடுவோம். வாங்கி வாருங்கள் என்று வாய் திறந்து சொன்னதில்லை.

அந்த நாள் ஒரு கடம்பூர் லைன் நாள். காற்றுக்காலம் போய், மழை இன்னும் இறங்காமல் வானம் மூடிக்கொண்டு புழுங்கிய ஒரு முற்பகல். பள்ளிக்கூடம் விடுமுறை. நான் வீட்டில் இருந்தேன். அடுத்த தெருவில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே சரிந்துவிட்டார் என்று பக்கத்துக் கடை டெய்லர் ஓடி வந்து சொன்னார். சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அப்பா தூக்கி வளர்த்த பிள்ளை. அப்பாவை யாராவது உங்களுக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டால், மூத்தவன் ரேடியோ கடை வைத்திருக்கிறான், இளையவள் படிக்கிறாள் என்று சிரிப்பார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சித்தி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். வெளியூருக்குக் கொண்டுபோகிற நிலைமையில் இல்லை, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அண்ணன் வரணும், அண்ணன் வரணும்னு கேட்டுக்கிட்டே இருக்காவ மதினி" என்றாள் சித்தி.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு டெலிபோன் பூத் இருந்தது. அம்மா அதைத் தாண்டி வீட்டைப் பார்த்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். பூத்திலிருந்து கூப்பிட்டால் புது நம்பரைப் பார்த்துப் பதறிவிடுவார், வீட்டு நம்பரிலிருந்துதான் பேச வேண்டும் என்று நடந்துகொண்டே சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் முதலில் கடம்பூர்க் கடைக்குப் போட்டாள். அப்பா போட்ட தடையை அன்றுதான் மீறினாள். வண்டி இன்னும் வரவில்லை, கிழக்கே உள்ள ஊர்களை முடித்துக்கொண்டு இப்போது வருகிற நேரம்தான் என்றார் கடைக்காரர். ஏதும் விசேஷமா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். அவரிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் அவரே அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார் என்று அம்மாவுக்குத் தெரியும். எல்லோரிடமும் அப்பாவின் நம்பர் இருந்தது.

அம்மா கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். இரண்டு தடவை செருமிக் குரலைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கு எதிரே இருந்த இரண்டு பயங்களும் எனக்கு அப்போதே புரிந்தன. சொன்னால், தம்பி இந்த நிலையில் கிடக்கிறான் என்ற செய்தியோடு அப்பா அந்த ஒற்றை ரோட்டில் வேனை விரட்டிக்கொண்டு வருவார். சொல்லாவிட்டால், கடை கடையாக நின்று சாயங்காலம் வருவார். அதற்குள் தம்பியின் முகத்தை உயிரோடு பார்க்காமல் போனால் அம்மாவை இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டார். ஒருவேளை எங்காவது நிறுத்தியிருந்தால் சொல்லிவிடலாம் என்று அம்மா நம்பரை அழுத்தினாள். வழக்கம்போல ரிசீவரை இரண்டு காதுக்கும் நடுவில் பிடித்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"வண்டி நிக்குது, சொல்லு."

ஜாடிகள் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தன. நல்ல வேகம். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான் போட்டேன்" என்றாள் அம்மா.

"சும்மான்னா?"

"வரும்போது கடம்பூர்ல போளி வாங்கிட்டு வாங்க."

ஜாடிச் சத்தத்துக்கு நடுவே, "போளியா?" என்றார். "ஆமா" என்றாள். "சரி" என்று வைத்துவிட்டார். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். போளி வாங்க எப்படியும் வண்டியை நிறுத்தி இறங்குவார், இறங்கி நிற்கிற நேரம் பார்த்து அந்தக் கடம்பூர்க் கடைக்குப் போன் போட்டு, அவரையே கூப்பிடச் சொல்லிப் பக்குவமாக விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று எனக்கு விளக்கினாள். அவசரத்தில் அவ்வளவு யோசித்தாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒன்றை மட்டும் நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

உடனேயே போன் அடித்தது. அவர் கடம்பூர் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. நான்தான் எடுத்தேன். ரிசீவருக்குள் காற்றே இல்லை. ஜாடிச் சத்தம் இல்லை. எங்கோ காட்டுக்குள் ஒரு கவுதாரி கத்தியது அவ்வளவு தெளிவாகக் கேட்டது. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்போது அப்பா, "அம்மாட்ட குடு" என்றார். வண்டி நிற்கிறது என்று சொல்லவில்லை. அத்தனை நாள் நாங்கள் கேட்க ஆசைப்பட்ட அமைதிதான் அது. அதைக் கேட்கப் பயந்து ரிசீவரை அம்மாவிடம் நீட்டிவிட்டேன்.

"போளி கேக்கியே" என்றார் அம்மாவிடம். "யாருக்கு என்ன ஆச்சு?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஓட்டுகிற மனிதரிடம் எதையும் கேட்காதவள் போளி கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? அவள் தன் பிடிவாதத்தை மறந்துபோயிருந்தாள். அவர் மறக்கவில்லை.

"இறங்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இறங்கிட்டேன். சாவி கையில இருக்கு. சொல்லு."

"உங்க தம்பிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில வச்சிருக்கு. உங்களக் கேக்குது."

"பேசுதானா?"

"பேசுது."

மறுபடி கவுதாரி கத்தியது. பிறகு அப்பா சொன்னார்: "எனக்குக் கை ஆடுது. நான் வண்டிய எடுக்கல. கடம்பூருக்கு நடந்து போயி பஸ் ஏறி வாரேன். அண்ணன் வந்துக்கிட்டிருக்கான்னு அவன்ட்ட சொல்லு."

அவர் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் அம்மா போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு முடிவதற்குள்ளேயே அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. மத்தியான நேரத்தில் அந்த ரோட்டில் பஸ் எப்போது வரும்? நாங்கள் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சித்தப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, "அண்ணன் கிளம்பிட்டாவ" என்று அம்மா சொன்னாள். சித்தப்பா கண்ணைத் திறந்தார். "வேன்லயா?" என்று கேட்டார். "பஸ்ல" என்றாள் அம்மா. அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நேரமாகும்" என்றார். சாதாரணமாகச் சொன்னார். அதன்பிறகு அவர் ஏதும் பேசி நான் கேட்கவில்லை.

நான் வாசலில் போய் நின்றேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை என் பக்கத்தில் வரும்போதும், வேனிலேயே வரச் சொல்லியிருக்கலாமோ என்று கேட்டாள். என்னிடமா தன்னிடமா தெரியாது. கடைசியில் அப்பா வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, வேட்டி முழங்கால் வரை புழுதி. பஸ் எல்லா ஊரிலும் நின்று, ரயில்வே கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டிக்காகக் காத்துக் கிடந்து வந்திருக்கிறது. அவர் வராந்தாவில் ஏறுவதற்கும் உள்ளேயிருந்து சித்தி வெளியே வருவதற்கும் சரியாக இருந்தது. அவள் நின்ற நிலையைப் பார்த்ததுமே அப்பா நின்றுவிட்டார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. முதலாளியாகத்தான் இருக்கும். சரக்கோடு வேன் ரோட்டோரம் கிடப்பதை யாரோ பார்த்துச் சொல்லியிருப்பார்கள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அறையில் எல்லோரும் அவருடைய சட்டைப்பையையே பார்த்தார்கள். அப்பா எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. அது தன்னுடையது என்றே தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். முதல் மணியில் எடுக்கிற மனிதரை நான் அதன்பிறகு பார்க்கவில்லை.

சித்தப்பாவின் சாவுக்குத் துட்டி கேட்க முதலாளி வந்தார். மாலை போட்டுவிட்டு அப்பாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். வேனை ஆள் அனுப்பி எடுத்தாயிற்று, கவலைப்பட வேண்டாம் என்றார். "முதலாளி, இனிமே ஓட்டும்போது போன் எடுக்க மாட்டேன். நின்னாத்தான் பேசுவேன்" என்றார் அப்பா. முதலாளி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு மாட்டேன் என்று யாரால் சொல்ல முடியும்? "சரிப்பா" என்றார். வேறு எங்கே கேட்டிருந்தாலும் அந்தச் சரி கிடைத்திருக்காது என்று அப்பாவே பிற்பாடு சொல்வார்.

அம்மாவின் பயம் அதோடு தீர்ந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். தீரவில்லை. இப்போது அவர் எடுக்கவே மாட்டேன் என்கிறார் என்பது புதுக் கவலை ஆனது. மணி அடித்துக்கொண்டே இருக்கும். முன்பு காற்றையும் ஜாடியையும் வைத்தாவது ஆள் இருக்கிறார் என்று தெரிந்தது. இப்போது எதுவும் தெரியாது. "எடுக்கல. ஓட்டுதாவ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சொல்லிவிட்டு, அவர் எங்காவது நிறுத்திக் கூப்பிடும்வரை டெலிபோனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். எங்கள் வீட்டில் அந்த வருஷங்களில் கல்லே இல்லாத சோறு சாப்பிட்டோம்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவளுக்குள் கிடந்தது. சித்தப்பாவின் வருஷத் திதி முடிந்த அன்றுதான் அதைக் கேட்டாள். எல்லோரும் போன பிறகு, இலைகளை எடுத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டாள்: "அன்னைக்கு வேன்லயே வந்திருந்தா முகத்தப் பாத்திருப்பீங்க. என்னாலதான போச்சு?" அப்பா இலைகளைக் கீழே வைத்தார். "வேன்ல வந்திருந்தா அன்னைக்கு நீ ரெண்டு மாலை வாங்கியிருப்ப" என்றார். அவ்வளவுதான். அம்மா அன்றைக்கு அழுத அழுகையைச் சித்தப்பா செத்த அன்றுகூட அழவில்லை.

நான் கால்நடை மருத்துவம் படித்து இப்போது அதே கரிசல் காட்டு ரோடுகளில் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். "டாக்டரம்மா, கண்ணுக்குட்டி காலு மட்டும் வெளிய தெரியுது, இப்பவே வாங்க" என்று கூப்பிடுகிறவர்களுக்கு நான் உடனே பதில் சொல்லாவிட்டால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே போய்விடும். அப்பாவை அன்று அந்தப் போன் எவ்வளவு இழுத்திருக்கும் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இருந்தாலும் போனைப் பையில் போட்டுப் பின்சீட்டில் வைத்துவிடுகிறேன். மணி அடித்தால் ஓரங்கட்டி, என்ஜினை அணைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

அப்பா வண்டியை விட்டுப் பல வருஷம் ஆகிறது. வீட்டில்தான் இருக்கிறார். நான் ஓட்டிக்கொண்டிருப்பேன் என்று நன்றாகத் தெரிந்த நேரமாகப் பார்த்து எனக்குப் போன் போடுகிறார். அவருக்கென்று தனி மணி வைத்திருப்பதால் தெரிந்துவிடும். பின்சீட்டில் அது அடிக்க ஆரம்பித்ததும் அம்மாவுக்கு என்னவோ, யாருக்கு என்னவோ என்று அடுத்த மரத்தடி வருவதற்குள் ஆயிரம் நினைப்பு ஓடும். அது முழுசாக அடித்து ஓய்ந்துவிடும். நிறுத்தி, இறங்கி, நான் கூப்பிடுவேன்.

"என்னப்பா? யாருக்கும் ஒண்ணும் இல்லயே?"

"ஒண்ணுமில்லட்டி" என்பார். "எடுக்கியான்னு பாத்தேன்."

பின்னால் அம்மா, ஓட்டிக்கொண்டு போகிற பிள்ளைக்கு எதற்குப் போன் போடுகிறீர்கள் என்று சண்டைக்கு நிற்பது கேட்கும். அப்பா அதைக் காதில் வாங்க மாட்டார்.

"எடுக்கலல்லா? அது போதும். வச்சிரு."